பாத்தியில் இறங்கட்டுமா என்று கேட்டவன்

இருதயராஜ், எனக்கு ராஜு, இறந்த செய்தி வந்தபோது நான் கிளியனூரில் ஓர் அரிசி ஆலையின் எடை மேடைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து எலி கடித்த கேபிளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கையெல்லாம் சேலையெல்லாம் தவிடும் கிரீஸும். ஆலையில் வேலை செய்கிற பெண்தான் போனை எடுத்து என் காதில் வைத்தாள். பேசியது அவன் மனைவி ஸ்டெல்லா. "வாசு, அவரு போயிட்டாரு. டீக்கடையில ஒக்காந்தமேனிக்கே சாஞ்சிட்டாராம்." நான் அந்தக் கேபிளை முறுக்கி, டேப் சுற்றி, எடை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. வேலையைப் பாதியில் விட்டால் ராஜு திட்டுவான் என்று கை நினைத்திருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று அவன் நண்பர்களாகிய நீங்கள் கேட்டீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று தலைப்பையும் நீங்களே வைத்து அனுப்பியிருந்தீர்கள். தலைப்பை மாற்றிவிட்டேன். இரண்டு பக்கத்திலும் இது அடங்கவில்லை. 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். திண்டிவனம் பாலிடெக்னிக்குக்குப் போகிற பஸ்ஸில் மரக்காணத்தில் ஏறி, பெருமுக்கல்லில் ஏறும் எனக்குப் பையை வைத்து இடம் பிடித்துத் தந்தவனை என்னால் 'அவர்' என்று எழுத முடியாது. இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். நான் அவன்மேல் கோபமாக இருக்கிறேன். அழுதுகொண்டே கோபமாக இருக்கிறேன். படிக்கப் பிடிக்காதவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, மரக்காணத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் நாங்கள் சேர்ந்து கம்பெனி தொடங்கியது உங்களுக்குத் தெரியும். எடை மேடைகளுக்கு புரோகிராம் எழுதுவது எங்கள் தொழில். லாரி மேடையில் ஏறி நின்றால் எடையைப் படித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சீட்டு அடித்துத் தர வேண்டும். போன் எடுக்கவும் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கவும் ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். ஆரம்பத்தில் புது வாடிக்கையாளர் வந்தால், பழையவருடைய புரோகிராமை அப்படியே நகல் எடுத்து, பேரை மாற்றி, அவருக்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுப்போம். ஒரு சமயம் சீட்டு அடிக்கும் பகுதியில் ஒரு கோளாறு. உப்பளத்தில் சரிசெய்தோம், ஆலையில் சரிசெய்தோம், இறால் தீவனக் கிடங்கை மறந்துவிட்டோம். அங்கே நாள் முழுக்க வெற்றுச் சீட்டாகவே வந்திருக்கிறது. கிடங்குக்காரர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்து மேஜைமேல் கொட்டினார். "இதுல என்னா எழுதியிருக்குதுன்னு நீங்களே படிச்சு சொல்லுங்க" என்றார். ராஜு ஒரு சீட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "லோடு சரியாத்தான் இருக்குதுங்க" என்றான். அந்த மனிதர் சிரித்துவிட்டார். அடிக்க வந்தவரைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் அவனுக்கு இணை கிடையாது.

அவர் போன பிறகுதான் அவன் அந்த ஏற்பாட்டைச் சொன்னான். "ஒரே வேலைய எத்தினி எடத்துல செய்யறது வாசு? பிராஞ்ச் பிராஞ்ச்சா பிரிச்சிடலாம்." கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எடையைப் படிப்பது, சீட்டு அடிப்பது என்று எல்லாருக்கும் பொதுவானதை ஒரு கிளையில் வைத்தோம். அதற்கு 'தாய்' என்று அவன்தான் பேர் வைத்தான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தாயிலிருந்து பிரியும் ஒரு தனிக் கிளை. தாயில் ஒன்றைச் சரிசெய்தால் வெள்ளிக்கிழமை மதியம் அது எல்லாக் கிளைகளிலும் கலந்து, அங்கிருந்து அவரவர் கம்ப்யூட்டருக்குத் தானாகப் போய்ச் சேரும். ஒருவருக்காகத் தனியாகச் செய்தது அவர் கிளையிலேயே நிற்கும், அடுத்தவருக்குப் போகாது. உப்பளக்காரர்களிடம் அவன் இதை ஒரே வரியில் சொல்வான்: "வாய்க்கால்ல வுட்ற தண்ணி எல்லா பாத்திக்கும் போவும். பாத்தித் தண்ணி வாய்க்காலுக்குத் திரும்பாது." அவர்கள் உடனே புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள்.

இரண்டு விஷயங்களில் அவன் கறாராக இருந்தான். தாயில் யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று அழுத்தினால்தான் அது சேரும். 'தாயில போறது ஊரு பூரா போவும், ரெண்டு கண்ணு பத்தாது' என்பான். இன்னொன்று, வாடிக்கையாளர் கிளைகளைப் பங்கு பிரித்துக்கொண்டோம். உப்பளங்கள் அவனுக்கு, ஆலைகளும் கிடங்குகளும் எனக்கு. ஒருவர் கிளைக்குள் மற்றவர் கேட்காமல் போவதில்லை. பூட்டு எதுவும் போடவில்லை, எல்லாம் திறந்துதான் கிடந்தன. ஆனாலும் போவதில்லை. இது உப்பளத்து வழக்கம். அவன் அப்பாவும் அம்மாவும் பாத்தியில் வேலை செய்தவர்கள். அடுத்தவர் பாத்தியில் கால் வைத்தால் அடிமண் கலங்கும், உப்பு கறுக்கும், வீட்டுக்கு வீடு பேச்சு வார்த்தை நின்றுபோகும். சென்னையில் வேலை பார்க்கிற தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். அவர்கள் கம்பெனியில் எல்லார் வேலையையும் எல்லாரும் பார்ப்பார்களாம், அதுதான் முறையாம். எங்களுக்கு இது மரியாதையாகப் பட்டது.

என் அப்பாவைப் புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம், என் ஆலை ஒன்றில் புரோகிராம் நின்றுவிட்டது. வெளியே நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ராஜு போன் செய்தான். "வாசு, ஒன் பாத்தியில எறங்கட்டுமா?" என்று கேட்டான். ஐசியு வாசலில், அத்தனை பேர் அழுகிற இடத்தில், நான் சிரித்துவிட்டேன். "எறங்கு, காலக் கழுவிட்டு எறங்கு" என்றேன். அவன் சரிசெய்து முடித்து, என்னென்ன தொட்டேன் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினான். நான் கேட்காத விவரத்தையெல்லாம் எழுதியிருந்தான். இவனைப்போல ஒருவன் கூட்டாளியாகக் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவும் ஆமாம் என்றார்.

தாயில் நாங்கள் சேர்த்ததிலேயே எனக்குப் பெருமையான ஒன்று உண்டு. அங்கம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். லாரியில் உப்பு ஏற்றுகிற பெண்கள் குழுவுக்கு மூத்தவள். அவர்களுக்கு ஏற்றிய டன் கணக்கில்தான் கூலி. அந்தக் காலத்தில் லோடுக்கு லோடு சண்டை நடக்கும். அவர்கள் கூடையை எண்ணி ஓர் எடை சொல்வார்கள், முதலாளி வேறோர் எடை சொல்வார். உப்பு ஈரம், கழிவு போகும் என்பார். நாங்கள் எங்கள் மெஷினைப் போட்ட புதிதில் ஒரு நாள் அங்கம்மா ராஜுவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்பா, இதுவும் மொதலாளி சொல்றபடிதான் காட்டுமா?" என்று கேட்டாள். அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஒரு முறை லாரி ஏறி எடை விழுந்துவிட்டால் அதை யாரும் திருத்த முடியாது. முதலாளிக்கும் லாரிக்காரருக்கும் ஏற்றுகிறவர்களுக்கும் ஒரே எடைதான் சீட்டில் வரும். ராஜு போய் அங்கம்மாவிடம் சொன்னான்: "எட வுழுந்துட்டா அது மொதலாளிக்கும் சொந்தமில்ல, எனக்கும் சொந்தமில்ல ஆயா." அவள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்குப் பிறகு அவர்கள் கூடை எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும் என்று ஸ்டெல்லாவின் உத்தரவு. காரணம் பிறகு சொல்கிறேன். புயல் மழையில் உப்பளம் எங்கே, கடல் எங்கே என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. எடை மேடை அறைகளில் கம்ப்யூட்டர்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. ராஜு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போய் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து மேட்டுக்குக் கொண்டுவந்தான். அவற்றில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை, எல்லாம் வாடிக்கையாளருடையவை. கடைசியாக வந்தபோது தலையில் கம்ப்யூட்டரும் கக்கத்தில் யாரோ வளர்த்த கோழியும் இருந்தன. "கோழிக்கு ஏதுப்பா வாரண்டி?" என்று கேட்டேன். "அதுக்கும் ஒரு பிராஞ்ச் போட்ரலாம்" என்றான். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, பல் தந்தியடித்தது, அப்போதும் பேச்சுக்குக் குறைவில்லை.

அந்த வருஷம் உப்பு விளையவில்லை. சின்ன உப்பளங்கள் எங்களை நிறுத்திவிட்டன. பெரிய உப்பளம் ஒன்றுதான் மிஞ்சியது. அதன் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, விஷயத்துக்கு வந்தார். ஏற்றுகிற பெண்களுக்குப் போகிற சீட்டில் மட்டும் ஈரக் கழிவு கழித்து வர வேண்டும். லாரிச் சீட்டில் உள்ளபடி வரட்டும். "இது சின்ன வேலதானம்மா. சென்னையில ஒரு கம்பெனி செஞ்சு தரேன்றான்." நான் முடியாது என்றேன். ராஜுவைப் பார்த்தேன். அவனும் முடியாதுங்க என்றான். பைக்கில் திரும்பி வந்தோம். ஆபீஸ் படி ஏறும்போதுதான், "போனா போவட்டும் வாசு" என்றான். ஆனால் அவர் போகவில்லை. அந்த மாதமும் இருந்தார், அடுத்த மாதமும் இருந்தார். எத்தனை கோபப்பட்டாலும் நேர்மையான மெஷின்தான் வேண்டும் என்று அவருக்கே தோன்றியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். ராஜு பக்கத்தில் இருக்கும்போதே புது வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தலைகுனிந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பான். தன்னடக்கம் என்று எண்ணினேன்.

அவன் சாவுக்கு உப்பளத்து ஜனம் முழுக்க வந்தது. அங்கம்மா அழுத அழுகையை நீங்கள் பார்த்தீர்கள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க சீட்டு வந்ததுலேர்ந்து நாங்க சண்ட போட்டதே இல்லம்மா. எம்புள்ள புண்ணியம்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கல்லறையிலிருந்து திரும்பும்போது பெரிய உப்பளத்தில் எடை போடுகிற மணி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "அக்கா, இந்நேரத்துல கேக்கக் கூடாது. நாளைக்கு லோடு இருக்குது. அண்ணன் போட்டுக் குடுத்த கழிவு பட்டன் போன வாரத்துலேர்ந்து வர மாட்டுது. மொதலாளி திட்டறாரு."

எந்தப் பட்டன் என்று கேட்டேன். அவன் வெள்ளந்தியாக விளக்கினான். லாரிச் சீட்டு வந்த பிறகு அந்தப் பட்டனை அழுத்தினால் பொம்பளைங்க சீட்டு கழிவு போக அடிக்கும் அக்கா என்றான். வெள்ளம் வந்த வருஷத்திலிருந்தே இருக்குதே, உங்களுக்குத் தெரியாதா என்றான். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பட்டன் ஏன் போன வாரம் காணாமல் போனது என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. போன வாரம் நான் தாயில் சீட்டுத் திரையைப் புதிதாக அமைத்திருந்தேன். சரி பார்க்கும்போது ராஜு, "அடுத்த வாரம் போடலாமே வாசு, என்னா அவசரம்" என்றான். நான் விடவில்லை. அவனும் சரி என்று அழுத்தினான். வெள்ளிக்கிழமை அது எல்லாக் கிளைக்கும் போனபோது, அவனுடைய பட்டன் இருந்த இடத்தில் என் புதுத் திரை உட்கார்ந்துவிட்டது. மறுநாளே அவன் போய்விட்டான். உயிரோடு இருந்திருந்தால் திங்கட்கிழமையே அதைத் தன் கிளையில் சரிசெய்திருப்பான். எனக்குத் தெரிந்தே இருக்காது.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போய், முதல் முறையாக அவன் கிளைக்குள் கேட்காமல் போனேன். பெரிய உப்பளத்தின் கிளை, எப்போதும் இருந்த இடத்திலேயே, எப்போதும் இருந்த பேரிலேயே திறந்து கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறேன். இவன் சோறுகூடப் போடவில்லை. நான் எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிற ஒரு நம்பிக்கை அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. என் மரியாதையை எடுத்துத் தன் திருட்டுக்குத் திரையாகக் கட்டிக்கொண்டான். தாயில் அவன் என்னைக் கேட்காமல் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை, அதையும் பார்த்தேன். எடையைத் திருத்த முடியாதபடி நாங்கள் எழுதிய அந்தப் பூட்டு தாயில் பத்திரமாக இருந்தது. தன் கிளையில் மட்டும் அதற்கு மேலாக ஒரு வழி செய்துகொண்டான். விதியை ஒரு நூல்கூட மீறாமல் என் கழுத்தை அறுத்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தாயே என்று கேட்டால் அவன் இல்லை என்று வாதாடுவான், அந்த வாதத்திலும் ஜெயிப்பான்.

இதைவிட வேதனை ஒன்று உண்டு. கிளை என்றால் அது தாயிடமிருந்து வாங்கிக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷமாக நான் தாயில் செய்த ஒவ்வொரு நல்ல வேலையும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கிளைக்குப் போயிருக்கிறது. பிரிண்டரை வேகமாக்கினேன், அந்தப் பொய்ச் சீட்டும் வேகமாக வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன், அங்கம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பதற்காகவே பெரிதாக்கினேன், அந்தப் பொய் எடையும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர்கள் கூடை எண்ணுவதை நிறுத்தியது எங்களை நம்பி. முதலாளியை அவர்கள் ஒருநாளும் நம்பியதில்லை. எங்களைத்தான் நம்பினார்கள்.

ஸ்டெல்லாவிடம் நேராகக் கேட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பிறகு அவளே சொன்னாள்: "அந்த வருஷம் அவரு இந்த மாடியக் காலி பண்ணிடலாமான்னு என்னக் கேட்டாரு. அப்புறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கல. ஒன்ன வெளிய அனுப்ப மனசு வர்ல, அதான் செஞ்சிருப்பாரு."

"என்னக் கேட்டிருக்கலாமே."

"ஒங்கிட்ட பயம் அவருக்கு."

"பயம் இல்ல ஸ்டெல்லா. கேட்டா மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரியும். அதான் கேக்கல."

அந்த மாடி வாடகையிலும் என் சம்பளத்திலும் அந்தப் பெண்களின் உப்பு கரைந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்காகச் செய்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால் இன்னும் எரிகிறது. வேலை போனால் போகட்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். அந்த முடிவை என்னிடமிருந்து பறிக்க இவன் யார்?

தாயில் அந்தப் பூட்டைக் கொஞ்சம் ஆழமாக வைத்தேன். இனிமேல் ஒரே லோடுக்கு எந்தக் கிளையாவது இரண்டாவது எடை கொடுத்தால், சீட்டில் இரண்டு எடையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். எழுதி முடித்தேன். சரி பார்க்க இன்னொருவர் வேண்டும். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு அவன் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். எது எதற்கு என்று விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, "இது போனா என்னா ஆவும்?" என்றாள். பெரிய உப்பளம் போய்விடும் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. பிறகு சரி என்று அழுத்தினாள். அழுத்திய பிறகு, "நீ இத மலர்ல எழுதப் போற, இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "எழுதாதன்னு நான் சொன்னா கேப்பியா?" மாட்டேன் என்றேன். "அப்ப அவரு வெள்ளத்துல கம்ப்யூட்டரத் தூக்கிக்கினு வந்ததையும் எழுது. அதுவும் அதே வருஷந்தான்." அதனால்தான் எழுதினேன். அது நியாயமாகவும் பட்டது.

வெள்ளிக்கிழமைக்கு முன்பாக நானே உப்பளத்துக்குப் போய் அங்கம்மாவிடம் சொன்னேன். உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மறைக்காமல் எல்லாம் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கம்மா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். "அவன் சாவுல நான் மாரடிச்சிக்கினு அழுதேனேம்மா" என்றாள். பிறகு, "அழுதது அழுததுதான், அத திருப்பி வாங்கவா முடியும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஒரு பெண், நீங்களும் சேர்ந்துதானே செஞ்சீங்க என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அங்கம்மா மட்டும் எழுந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்களிடம், "இன்னிலேர்ந்து எண்ணுங்கடி" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த மாற்றம் எல்லாக் கிளைக்கும் போனது. முதலாளி போன் செய்து, செத்தவன் மானத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டாய் என்றார். அடுத்த வாரம் எங்கள் மெஷினைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். அங்கே இப்போது வேறொரு கம்பெனியின் புரோகிராம் ஓடுகிறது. லோடுக்கு லோடு சண்டையும் நடக்கிறது என்று மணி சொன்னான். நானும் ஸ்டெல்லாவும் ஆலைகளை வைத்துக்கொண்டு மாடியில் இருக்கிறோம். எத்தனை மாதம் இருப்போம் என்று தெரியாது.

நீங்கள் அவனைப் பற்றி எழுதப்போவதையெல்லாம் நான் மறுக்கவில்லை. கோயில் திருவிழாவில் ஜெனரேட்டர் நின்றபோது அவன் வந்து ஓட்டியது உண்மை. உங்கள் பிள்ளைகளுக்கு பாலிடெக்னிக்கில் இடம் வாங்க அலைந்தது உண்மை. என் சிரிப்பில் பாதி அவன் கொடுத்தது, அதுவும் உண்மை. காலையில் ஆபீஸ் கதவைத் திறக்கும்போது இன்றைக்கும் அவனிடம் சொல்ல ஏதாவது ஒன்று வாய் வரைக்கும் வருகிறது. பிறகு ஞாபகம் வருகிறது, இறந்துவிட்டான் என்பது முதலில், ஏமாற்றினான் என்பது அடுத்து. இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உயிரோடு இருந்தால் அடித்திருப்பேன். அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டான்.

பெரிய உப்பளத்தின் அந்தக் கிளை இப்போது யாருக்கும் பயன்படாது. அதை அழித்துவிடலாம் என்று ஸ்டெல்லா ஒரு நாள் கேட்டாள். ஒரு வரி அடித்தால் போதும், போய்விடும். நான் அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தாயிலிருந்து எல்லாக் கிளைக்கும் அனுப்பும்போது அதற்கு மட்டும் எதுவும் அனுப்புவதில்லை. அவன் விட்ட இடத்தில் அப்படியே நிற்கிறது. அதையும் அழித்துவிட்டால், நீங்கள் அறிந்த இருதயராஜ் மட்டும்தான் மிஞ்சுவான். நான் அறிந்தவனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.